ஏற்றம் மட்டும் உள்ள வழி

“அப்புறம் எப்படித் திரும்பி வர்றது?”

“திரும்பி வரல. அங்கேயே விட்டுட்டு பஸ் பிடிச்சு வந்துடுவோம்.”

“எதை விட்டுட்டு? படகையா?”

“வேற எதை விடுவாங்க? உங்க அக்காவையா?”

ஜில்லியன் சிரிக்கவில்லை. அவள் கணவர் கிளைவ் தன் நகைச்சுவைக்குத் தானே கொஞ்சம் சிரித்துவிட்டு, பென்சில் முனையை மறுபடி வரைபடத்தின்மேல் வைத்தார்.

வெளியே பிப்ரவரி மழை. சமையலறை மேசை முழுவதும் வரைபடம் விரிந்து கிடந்தது. அது சுருண்டுகொள்ளாமல் இருக்க ஒரு மூலையில் தேநீர்க் குடுவை, இன்னொரு மூலையில் வெண்ணெய்க் கிண்ணம். வருஷா வருஷம் இதே மாதத்தில் இதே மேசையில் நடக்கிற காரியம்தான். ‘மூர்ஹென்’ என்ற அந்த நீளப்படகில் ஆறு குடும்பங்களுக்குப் பங்கு உண்டு. யாருக்கு எந்த வாரம் என்பது ஜனவரிக் கூட்டத்திலேயே முடிவாகிவிடும். எங்கே போவது என்பது அவரவர் பாடு. கால்வாய்ப் பயணத்துக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது: ஒரு லாக்கை, அதாவது படகை மேட்டுக்கோ பள்ளத்துக்கோ கொண்டுபோகும் கதவுத் தொட்டியை, கடக்க ஆகும் நேரமும் ஒரு மைல் போக ஆகும் நேரமும் ஒன்று. இரண்டையும் கூட்டி, மனிதன் நடக்கிற வேகத்தால் வகுத்துவிட்டால் பயணம் கைக்கு வந்துவிடும். கிளைவ் இதில் கெட்டிக்காரர். மாவட்டச் சாலைத் துறையில் நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டால் உலகம் அந்தக் கோட்டின்மேல் நடக்கும் என்று நம்புகிறவர்.

இந்த வருஷம் கோடு கிரேட் ஹேவுட்டில் தொடங்கியது. அங்கிருந்து ஸ்டோன், ஸ்டோக், பிறகு கிளைக் கால்வாயில் திரும்பி, மலைப்பக்கமாக லீக் வரை. அங்கே முடிந்துவிட்டது. திரும்பும் கோடு இல்லை. தங்களுக்கு அடுத்த வாரத்துப் பங்குதாரர்களான பிரதர்டன் தம்பதியிடம் பேசிவிட்டதாகவும், அவர்கள் லீக்குக்கே வந்து படகை எடுத்துக்கொள்வார்கள் என்றும் கிளைவ் சொன்னார். அவர்களுக்கும் அதுதான் சௌகரியமாம்.

திரும்பி வந்தால் என்ன என்று ஜில்லியன் கேட்டாள். ஒரே வழியில் இரண்டு தடவையா என்றார். சரி, ஸ்டோக்கிலிருந்து கிளையில் திரும்பாமல் நேராகப் போய்ச் சுரங்கத்தைத் தாண்டி செஷயர் பக்கம் இறங்கலாமே, கூட வரப்போகிற அக்கா மவ்ரீனுக்கு அந்தச் சமவெளி பிடிக்குமே என்றாள். சுரங்கத்தில் குளிரும், மவ்ரீனுக்கு ஆகாது என்றார். ஆனால் லீக்குக்கு முன்னாலும் ஒரு சுரங்கம் இருந்தது. அது சின்னச் சுரங்கம் என்றார். அப்படியானால் தெற்கே, ஃப்ராட்லி வரை? அங்கே கூட்டம் என்றார். பதில்கள் எல்லாம் முன்கூட்டியே வெட்டி அடுக்கிய விறகுபோல வந்தன.

அவள் தேநீரை ஊற்றிக்கொண்டு தன் நாற்காலியை வரைபடத்தின் அருகே இழுத்தாள். அவள் வாரத்தில் பாதி நாள் மருந்துக்கடையில் வேலை செய்கிறவள். மருத்துவர்களின் கிறுக்கலிலிருந்து அடுத்தவர் நோயைப் படித்துவிட்டு, முகத்தில் எதுவும் காட்டாமல் மருந்துப் பையை நீட்டிப் பழகியவள். அந்தப் பழக்கத்தோடுதான் இப்போது பென்சில் கோட்டின்மேல் விரலை வைத்து, ஹேவுட்டிலிருந்து மெதுவாக நகர்த்தினாள்.

கால்வாய் வரைபடத்தில் ஒவ்வொரு லாக்கும் ஒரு சின்ன அம்பு முனை. அம்பு எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் மேடு. படகுக்காரர்கள் இதைப் படிப்பதே இல்லை. கண் தானாக வாங்கிக்கொள்ளும். ஹூ மில் அருகே ஒரு அம்பு, விரல் போகிற திசையைப் பார்த்தபடி. வெஸ்டனில் ஒன்று, அதே திசை. சாண்டனில் ஒன்று. ஸ்டோனுக்கு வந்தபோது வரிசையாக நான்கு, பறவைக் கூட்டம் போல ஒரே பக்கம் அலகை நீட்டிக்கொண்டு. ஸ்டோக்கில் ஒரு கொத்து. கிளைக் கால்வாயில் இன்னும் சில. எல்லாம் மேலேயே பார்த்தன. அவள் விரல் லீக்கில் போய் நின்றபோது, வழியில் ஒரு அம்புகூட அவளை எதிர்த்து நிற்கவில்லை.

முப்பது வருஷத்தில் இப்படியொரு பயணத்தை அவர்கள் போனதில்லை. யாரும் போக மாட்டார்கள். ஏறினால் இறங்கித்தான் ஆக வேண்டும். கால்வாயில் போகிறவர்களுக்கு அது மூச்சை இழுத்து விடுவதுபோல. இறக்கமே இல்லாமல் ஒரு வழியைக் கண்டுபிடிக்க ஒருவர் பல நாள் தேடியிருக்க வேண்டும்.

தேடியிருக்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. தேநீர் வாய்க்குள் ஆறிப்போனது.

*

போன செப்டம்பரில், ஆட்லம் இறக்கத்தில் நடந்தது அது.

ஆட்லமில் கால்வாய் ஊரை ஒட்டிப் படிப்படியாக இறங்குகிறது. ஒவ்வொரு படியும் கல்லால் கட்டிய ஒரு தொட்டி; இரு முனையிலும் கனத்த மரக்கதவு. படகு, நீர் நிறைந்த தொட்டிக்குள் வரும். பின்னால் மேல்கதவை மூடிவிட்டு, கரையில் நிற்பவர் கீழ்க்கதவின் மதகைத் திருகுசாவியால் சுற்றித் தூக்குவார். நீர் வடியும். படகு கிணற்றுக்குள் வாளி இறங்குவதுபோல அமைதியாகக் கீழே போகும். ஆபத்து ஒன்றுதான். மேல்கதவின் அடியில், நீருக்குள், ஒரு கற்படி தொட்டிக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. அது எதுவரை நீள்கிறது என்பதற்குச் சுவரில் ஒரு வெள்ளைக் கோடு. படகின் பின்புறம் அந்தக் கோட்டுக்கு முன்னால் நிற்க வேண்டும். தவறிப் பின்வாங்கினால், நீர் வடிய வடியப் பின்புறம் படியின்மேல் உட்கார்ந்துகொள்ளும்; முன்புறம் மட்டும் இறங்கிக்கொண்டே போகும். கவனிக்காவிட்டால் முன்புறம் முழுகும். ஒவ்வொரு கோடையிலும் எங்காவது ஒரு படகு இப்படிப் போவதுண்டு.

இந்த நீர்வழிகளில் இன்னொன்றும் உண்டு, யாரும் எழுதி வைக்காத வழக்கம். கணவன் சுக்கானைப் பிடித்து நிற்பான், மனைவி கரையில் இறங்கிக் கதவு தள்ளுவாள். பெண்கள் சந்தித்துக்கொண்டால் அதைச் சொல்லித்தான் சிரிப்பார்கள். ‘என் வீட்டுக்காரருக்கு ரொம்பக் கஷ்டமான வேலை, நின்னுக்கிட்டே இருக்கணும்’ என்று. ஜில்லியனும் சொல்லியிருக்கிறாள். ஆனால் அவளுக்கு அந்த வேலை பிடிக்கும். கதவின் நீண்ட மரக்கையில் முதுகைச் சாய்த்துக் காலால் உந்தும்போது, முதலில் எதுவும் அசையாது. பிறகு, தூங்குகிற மாடு ஒன்று மனம் மாறி எழுந்ததுபோல அது நகரும்.

அவர்களுக்குள் ஒரு ஒழுங்கு இருந்தது. கிளைவ் படகை நிறுத்தி, பின்னால் திரும்பிக் கோட்டைப் பார்த்து, பிறகு கையை உயர்த்துவார். கை உயராமல் அவள் மதகைத் தொட மாட்டாள். அன்றும் கை உயர்ந்தது. அன்றும் கோடு சரியாகத்தான் இருந்தது. மதகைத் தூக்கினாள். நீர் பாதி வடிந்தபோது படகு கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்வதைப் பார்த்தாள். எஞ்சினை லேசாக முன்னுக்குத் தட்டினால் போதும். கிளைவ் தட்டவில்லை. அவள் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே பெருக்கல் குறிபோல் வைத்துக் காட்டினாள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் திறந்திருந்தது, கை சுக்கானில் இருந்தது, உள்ளே யாருமில்லை. விளக்கை எரியவிட்டுவிட்டு வெளியே போய்விட்ட வீடு.

கல்லில் இரும்பு உரசும் சத்தம் கேட்டது. படகின் முன்புறம் தாழத் தொடங்கியது. உள்ளே பாத்திரங்கள் சரிந்தன. அவள் மதகைச் சுற்றி இறக்கவில்லை, அப்படியே விழவிட்டாள். பல்சக்கரம் கடகடவென்று அலறியது; மதுக்கடை வாசலில் கோப்பையோடு நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள். தொட்டியின் நீளம் முழுக்க ஓடி, மேல்மதகைத் திறந்து நீரை உள்ளே விட்டாள். படகு மெல்ல நிமிர்ந்து, படியைவிட்டு விலகி மிதந்தது. கிளைவ் கண் சிமிட்டினார். சுற்றிலும் பார்த்தார். என்ன ஆச்சு என்று கரையிலிருந்து யாரோ கேட்டபோது, “என் பொண்டாட்டிக்கு அவசரம். மதகை ஒரே தூக்காத் தூக்கிட்டா” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஜில்லியனும் சிரித்தாள். மறுக்க அவளிடம் மூச்சு இல்லை. மூச்சு திரும்பியபோது மறுக்கிற தருணம் போயிருந்தது.

குளிர்காலம் முழுக்க அந்தக் கதை படகுச் சங்கத்தில் ஓடியது. மவ்ரீனும் வந்திருந்த கிறிஸ்துமஸ் விருந்தில், இனியாவது நிதானம் வேண்டும் என்று அவளுக்கு ஒரு ஆமை பொம்மை பரிசளித்தார்கள். அதையும் சிரித்து வாங்கிக்கொண்டாள். ஒருமுறை கோப்பை நிரம்பி வழிந்த பிறகும் கிளைவ் தேநீரை ஊற்றிக்கொண்டே இருந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. துணியை எடுத்துத் துடைத்தாள், அவ்வளவுதான்.

*

“எல்லாமே ஏறுது,” என்றாள்.

“என்ன ஏறுது?”

“லாக்குங்க. ஹேவுட்லேர்ந்து லீக் வரைக்கும். ஒரு இறக்கம்கூட இல்ல.”

கிளைவ் வரைபடத்தைப் பார்க்கவில்லை. “அப்படி அமைஞ்சிருக்கு,” என்றார்.

“உனக்கு எதுவும் தானா அமையாது, கிளைவ். நீதான் அமைப்ப.”

மழை ஜன்னலில் வழிந்துகொண்டிருந்தது. அவர் பென்சிலை எடுத்து, ஏற்கெனவே கூராக இருந்த முனையை மறுபடி சீவத் தொடங்கினார். சுருள் சுருளாக மரத்தோல் செஷயர்மேல் விழுந்தது. மவ்ரீன் மதியச் சாப்பாட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். அடுப்புக்குள், ஓட்ஸ் மாவில் தோசைபோலச் சுட்ட ஓட்கேக்குகள் பாலாடைக்கட்டியோடு சூடாகிக்கொண்டிருந்தன. மவ்ரீன் வருவதற்குள் இதைப் பேசிவிட வேண்டும் என்று காலையில் எழுந்தபோதே நினைத்திருந்தாள். அக்டோபரில் நினைத்ததும் நவம்பரில் நினைத்ததும் இதைத்தான்.

“கார் ஓட்டறதை ஏன் விட்ட?” என்று கேட்டாள்.

“நடந்தா முட்டிக்கு நல்லது. சொன்னேனே.”

“சொன்ன. கிறிஸ்துமஸ் பொருளெல்லாம் மழையில தூக்கிட்டு நடந்து வந்த. நானும் நம்பின மாதிரி இருந்தேன். யார் சொல்லி விட்ட?”

பென்சில் சீவும் கை நின்றது. பிறகு, நிலத்தை அளக்கிறவர் எண்களைப் படிக்கிற குரலில், அவர் சொல்லத் தொடங்கினார். டிசம்பர் தொடக்கத்தில் ஸ்டாஃபர்டில் ஒரு சிக்னல். சிவப்பில் நின்றதாக ஞாபகம் இருக்கிறது. அடுத்த ஞாபகம், யாரோ ஒருவன் கார் ஜன்னலைத் தட்டிக்கொண்டிருந்தான். பின்னால் நீண்ட வரிசையில் வண்டிகள். நடுவில் எவ்வளவு நேரம் போனது என்று தெரியவில்லை. மறுநாள் பஸ்ஸில் டாக்டரிடம் போனார். மூளையில் ஏதோ ஒரு சின்ன மின்தடங்கல் மாதிரி இருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். பெரிய டாக்டரைப் பார்க்க வசந்தகாலத்தில் நேரம் கொடுத்திருக்கிறார்கள். அதுவரை கார் ஓட்டக் கூடாது. சட்டம்.

“படகு?”

“படகைப் பத்தி அவர் கேக்கல.”

“நீ சொல்லல.”

“சுக்கான் பிடிக்க லைசென்ஸ் வேணாம், ஜில். உனக்கே தெரியும். எந்தப் பயலும் பிடிக்கலாம்.”

அவளுக்குள் கோபம் வந்தது, ஆனால் எதிர்பார்த்த வடிவத்தில் வரவில்லை. கத்த வேண்டும்போல இல்லை. எழுந்து போய் ஓட்கேக்குகளைப் பார்த்தாள், அடுப்பைத் தணித்தாள், திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

“ஆட்லம்ல என்னைப் பார்த்துக்கிட்டேதான் நின்ன,” என்றாள். “நான் கத்தினேன். கையைக் காட்டினேன்.”

“எனக்குத் தெரியாது.”

“இப்பத் தெரியும்ல.”

“இப்பத் தெரியும்.” அவர் மரத்தோலை உள்ளங்கையால் கூட்டி ஒரு குவியலாக்கினார். “அன்னைக்கு நான் பொய் சொல்லல, கண்ணு. கையைத் தூக்கினது ஞாபகம் இருக்கு. அப்புறம் படகு சாயுது. நடுவுல எதுவும் இல்ல. அப்ப நீதானே வேகமாத் தூக்கியிருக்கணும்? அப்படித்தான் நினைச்சேன். நிஜமா.”

“டிசம்பருக்கு அப்புறம்?”

அவர் மரத்தோல் குவியலை மேசை ஓரத்துக்குத் தள்ளினார். “அப்புறமும் அதையேதான் சொல்லிட்டிருந்தேன்,” என்றார்.

கிறிஸ்துமஸ் விருந்து டிசம்பர் நடுவில் நடந்தது. ஆமை பொம்மையைக் கொடுத்தபோது கைதட்டியவர்களில் அவரும் இருந்தார். இருவரும் அதை நினைத்தார்கள்.

அவர் வேகமாகப் பேசத் தொடங்கினார். எல்லாவற்றையும் யோசித்துவிட்டதாகச் சொன்னார். ஏறும்போது கற்படி தொல்லை கிடையாது, படகு காலியான தொட்டிக்குள் வரும், நீர் கீழிருந்து தூக்கும், பின்னால் மாட்ட எதுவும் இல்லை. அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, முன்புறம் மேல்கதவின் விட்டத்துக்கு அடியில் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று மட்டும் கேட்டாள். ஏறுகிற படகுகளுக்கு நேர்வது அது. மூக்கு சிக்கிக்கொள்ளும், நீர் ஏறிக்கொண்டே இருக்கும். அந்த மூக்கில்தான், முன்தளத்தில், கம்பளியைச் சுற்றிக்கொண்டு மவ்ரீன் உட்கார்ந்திருப்பாள். பக்கவாதத்துக்குப் பிறகு மவ்ரீனின் இடது கால் அவள் பேச்சைக் கேட்பதில்லை. லாக்கின் சுவரில் பாசி பிடித்த இரும்பு ஏணி இருக்கிறது. மற்றவர்கள் அதைப் பிடித்து ஏறிவிடலாம். மவ்ரீனால் முடியாது. படகு எங்கே போகிறதோ அங்கே அவளும் போவாள்.

“நான் சுக்கான் பிடிக்கிறேன்,” என்றாள் ஜில்லியன். “நீ கரையில நில்லு.”

“கரையில நின்னா மதகு என் கையில. நீங்க ரெண்டு பேரும் கீழ, கிணத்துக்குள்ள. நான் மேல நின்னுக்கிட்டு உன்னையே பார்த்துக்கிட்டிருப்பேன். ஆட்லம்ல பார்த்த மாதிரி.” அதை அவர் இவ்வளவு தெளிவாகச் சொன்னது அவளைத் திடுக்கிட வைத்தது. குளிர்காலம் முழுக்க இந்த மேசையில் அவள் எதிரே உட்கார்ந்து, அவளுக்குத் தெரியாமல், அவர் தன்னை அந்தப் படகின் ஒவ்வொரு மூலையிலும் நிறுத்திப் பார்த்திருக்கிறார்.

அப்படியானால் மூன்றாவது ஆள் வேண்டும் என்றாள். பிரதர்டனைக் கூப்பிடலாம், இல்லையென்றால் அவர் மனைவியை. சொன்னால் ஓடி வருவார்கள். அவள் சுக்கானில், பிரதர்டன் மதகில்.

“அப்ப நான்?”

“நீ முன்தளத்துல உக்காரு. அக்காவுக்குப் பேச்சுத் துணையா.”

“கம்பளி போத்திக்கிட்டா?”

அவள் தன் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

“மவ்ரீன் அந்தப் படகுல மவ்ரீன்தான்,” என்றார் அவர். “உக்காந்திருந்தாலும் ராணி மாதிரி இருப்பா, எல்லாரையும் வேலை வாங்குவா. நான் சுக்கானை விட்டுட்டா அந்தப் படகுல யாரு, ஜில்? ஒரு மூட்டை.”

அவருடைய கை மேசையில் விரிந்து கிடந்தது. அந்தக் கையின் சுக்கான் பிடித்த காய்ப்பு, கட்டைவிரலுக்குக் கீழே, அவளுக்கு நன்றாகத் தெரிந்த இடம். அதன்மேல் தன் கையை வைக்க நினைத்தாள். வைத்தால் விட்டுக்கொடுத்ததாக ஆகிவிடுமோ என்று வைக்காமல் இருந்தாள்.

“அக்காவுக்குத் தெரியணும்,” என்றாள். “தெரிஞ்சும் வர்றேன்னு சொன்னா அது அவ இஷ்டம். தெரியாம நான் கூட்டிட்டுப் போக மாட்டேன். நான் சொல்லவும் மாட்டேன். நீ சொல்லு.”

“சொல்றேன்.”

“இன்னைக்கு.”

“சாப்பிட்டதும்,” என்றார் கிளைவ். வாசலில் டாக்ஸி வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

*

மவ்ரீனை உள்ளே கொண்டுவருவது ஒரு சடங்கு. டாக்ஸிக்காரர் சக்கர நாற்காலியை விரித்துக்கொண்டிருக்க, ஜில்லியன் குடை பிடிக்க, மவ்ரீன் இருவருக்கும் கட்டளையிட்டாள். குடை தனக்குப் பிடிக்கிறாளா இல்லை வேலிச்செடிக்கா என்று தங்கையிடம் கேட்டாள். கதவு நிலைப்படியில் சக்கரம் இடித்தபோது, இந்த வீட்டில் எதையும் மெதுவாகச் செய்ய யாருக்கும் தெரியாதா என்றாள். பள்ளிக்கூடச் சமையலறையில் முந்நூறு பிள்ளைகளுக்குச் சோறு போட்ட குரல். கால் போனாலும் குரல் போகவில்லை.

இலையுதிர்காலத்தில் அவள் முதியோர் இல்லத்துக்குப் போகப் போகிறாள். அதைப் பற்றி அழவில்லை. அறையைப் போய்ப் பார்த்துவிட்டு, திரைச்சீலை கேவலமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னாள். அதற்கு முன் ஒரு வாரம், யாரும் தன்னைத் தள்ளிக்கொண்டு போகாத ஒரு வாரம் வேண்டும் என்று கேட்டிருந்தாள். தண்ணீர் தள்ளட்டும், எஞ்சின் தள்ளட்டும், மனிதர்கள் வேண்டாம். இதை அவள் கேட்டபோது ஜில்லியன் யோசிக்காமல் சரியென்றாள். அதற்குப் பிறகுதான் யோசித்தாள்.

சாப்பிட்டார்கள். ஓட்கேக்கின் ஓரம் காய்ந்திருந்தது. மவ்ரீன் அதைக் குறிப்பிடத் தவறவில்லை. கிளைவ் வழக்கத்தைவிட அதிகமாகப் பேசினார். பிரதர்டனின் கட்டைவிரலில் போட்டிருக்கும் புது பிளாஸ்டரைப் பற்றி, படகுக்கு அடித்த புது வர்ணத்தைப் பற்றி. ஜில்லியன் தட்டுகளை எடுத்தாள். சாப்பிட்டாயிற்று. தொட்டிக்குள் நின்றபடி அவர் படகை எப்படி நிதானமாக நேராக்குவாரோ அப்படி அவர் கத்தியையும் முள்கரண்டியையும் நேராக்குவதை, குழாயடியில் நின்று பார்த்தாள். இப்போது சொல்வார். அவர் தொண்டையைச் செருமினார்.

“வரைபடத்தைக் காட்டு,” என்றாள் மவ்ரீன்.

அவர் காட்டினார். விரிக்கவும், மூலைகளை நிறுத்தவும் நேரம் எடுத்துக்கொண்டார். எங்கே தொடங்கி எங்கே போகிறோம் என்று சொன்னார். மவ்ரீன் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள். அவளுக்கு அம்புகள் எதுவும் சொல்லவில்லை. அவள் ஊர்ப் பெயர்களைப் படித்தாள். ஒவ்வொன்றிலும் தனக்குத் தெரிந்த யாரோ ஒருவர் செய்த ஒரு முட்டாள்தனத்தைச் சொன்னாள். லீக்குக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றினாள்.

“அழகா இருக்கு,” என்றாள். அவள் எதையும் அழகு என்று சொல்வதில்லை.

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஜில்லியன் அதை மூடினாள். கணவனை நோக்கி முகத்தைத் திருப்பி, கண்ணாலேயே கேட்டாள். கிளைவ் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கணம் அவர் இங்கே இல்லையோ என்று பயந்தாள். ஆனால் அவர் தாடை அசைந்தது, அவர் இங்கேதான் இருந்தார், எல்லாவற்றோடும் இங்கேதான் இருந்தார்.

“மவ்ரீன்,” என்று தொடங்கினார். “படகுல ஒரு விஷயம்…”

“இரு, நான் முதல்ல,” என்றாள் மவ்ரீன். “எனக்கும் ஒரு விஷயம் இருக்கு. கூச்சமாத்தான் இருக்கு. ஆனா முன்னாடி உக்காரப்போறவ நான், அதனால கேட்டுடறேன்.”

அவள் நல்ல காலை ஊன்றி நாற்காலியைக் கொஞ்சம் அவர் பக்கம் திருப்பினாள். தங்கையைப் பார்க்காமல் பேசினாள். ராத்திரியில் சில சமயம் அந்த ஆட்லம் கதை நினைவுக்கு வருகிறது என்றாள். விருந்தில் எல்லாரும் சிரித்தபோது தானும் சிரித்ததாகவும், வீட்டுக்குப் போன பிறகு சிரிப்பு வரவில்லை என்றும் சொன்னாள். நீர் இறங்குகிறபோது ஓட முடியாத ஆளுக்கு அது வேறு கதை. அந்தப் பல்சக்கரத்தின் சத்தத்தைக் கேட்டதே இல்லை, ஆனால் கனவில் கேட்கிறது.

“ஜில் என் தங்கச்சி. அவளுக்காக உயிரை விடுவேன். ஆனா அவ கையால விட மாட்டேன்,” என்றாள். “கோவிச்சுக்காதடி. சின்ன வயசுலேர்ந்தே உனக்கு அவசரம். கதவைத் திறந்தா காத்தோட திறப்ப.”

ஜில்லியன் ஈரக் கைகளோடு நின்றாள். கைத்துண்டு எட்டும் தூரத்தில் இருந்தது, அவள் எடுக்கவில்லை. சொல்ல வேண்டிய சொற்கள் எல்லாம் அவள் வாய்க்குள் வரிசையாக நின்றன. நான் சொல்ல மாட்டேன், நீ சொல்லு என்று ஒரு மணி நேரத்துக்கு முன்புதான் சொல்லியிருந்தாள். அவள் கிளைவின் முகத்தை மட்டும் பார்த்தாள். செப்டம்பரில் அவள் கரையிலிருந்து பார்த்த முகம் அல்ல இது. இதில் எல்லாம் நடந்துகொண்டிருந்தது.

மவ்ரீன் கையை நீட்டி, வரைபடத்தின்மேல் கிடந்த அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அவ எது பண்ணாலும் பார்த்துக்கிட்டே இரு. நீ சொன்னப்புறம் மெதுவா மதகைத் தூக்கட்டும், மத்தது எது வேணா பண்ணட்டும். ஆனா சுக்கான் மட்டும் உன் கையிலயே இருக்கணும். ஒரு நிமிஷம்கூட அவகிட்ட குடுக்காத. நீ அங்க நின்னு பார்த்துக்கிட்டிருக்கன்னு தெரிஞ்சா, நான் முன்னாடி கண்ணை மூடிக்கிட்டு உக்காந்திருவேன். இதை மட்டும் எனக்கு வாக்குக் குடு, கிளைவ். குடேன்.”